சேர்க்கை வேதியியல் துறையில், ஆய்வகம் பெக்மன் இன்ஸ்டிடியூட்டில்: இதை எப்படி எடுத்துக்கொள்வது?

சீனி_திருச்சி எழுதியது:

வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-சாம்பெய்ன் வளாகத்தில், வேதியியல் துறையில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் உண்டு.

எனக்குப் பாலிமர் பக்கம் போக ஆசை. அந்த ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவருக்கு மெயில் போட்டேன். நல்லபடியாகத்தான் பதில் எழுதினார், ஆனால் அதிலிருந்துதான் குழப்பம். அவருடைய குழு வேதியியல் கட்டடத்தில் இல்லையாம். அதே வளாகத்தில் பெக்மன் இன்ஸ்டிடியூட் என்ற இடத்தில் இருக்கிறார்களாம். ஏரோஸ்பேஸ், மெட்டீரியல்ஸ் ஆட்களோடு சேர்ந்துதான் வேலையாம். இணையதளத்தைப் பார்த்தால் மூளை ஆராய்ச்சி, எம்ஆர்ஐ, சிமுலேஷன் என்று எதெதுவோ ஒரே கூரையின் கீழ் இருக்கிறது.

இது தனி நிறுவனமா, ஒரு துறையா? பட்டம் கொடுப்பது யார்? வீட்டில் மாமா "ஒரு காலேஜ்ல சீட்டு, இன்னொரு எடத்துல வேலையா? எங்கயோ இடிக்குதே" என்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடமே பதில் இல்லை. அதைவிட என் சொந்தப் பயம் ஒன்று இருக்கிறது. ஐந்தாறு வருஷம் கழித்து வேதியியல்காரனும் இல்லாமல், இன்ஜினியரும் இல்லாமல், இரண்டும்கெட்டானாக வெளியே வந்து நிற்பேனோ? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பழைய_போஸ்ட்டாக் எழுதியது:

முதலில், தேடும்போது கவனம். கால்டெக்கில் ஒரு பெக்மன் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் பெக்மன் சென்டர், இர்வைனில் பெக்மன் லேசர் இன்ஸ்டிடியூட். எல்லாம் ஒரே மனிதர் கொடுத்த பணம். உங்களுடையது இல்லினாயில் இருப்பது. மற்றதைப் படித்துக் குழம்பாதீர்கள்.

மற்றபடி அது ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான். நம் ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் பல்கலைக்கழகம் தரும்.

---

அமுதா_கரூர் எழுதியது:

பட்டம் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் ரிசர்ச் பார்க் மாதிரி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ரிசர்ச் பார்க்கில் இருப்பவை கம்பெனிகள். பெக்மனில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பேராசிரியர்களும் அவர்களுடைய மாணவர்களும். அதற்காகப் புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஐயூகா என்ற வானியல் மையம் மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். ஐயூகா யுஜிசி 1988ல் அமைத்த தனி மையம், அதற்கென்று ஆசிரியர்கள் உண்டு. பெக்மனில் இருக்கும் பேராசிரியருக்குத் தாய்வீடு எப்போதும் ஒரு துறைதான். நியமனம், பதவி உயர்வு, வகுப்பு எடுப்பது எல்லாம் அங்கே.

நான் அதே வேதியியல் துறையில் சேர்ந்து, பெக்மனில் பாலிமர் கேப்ஸ்யூல் வேலை பார்த்தவள். இப்போது ஓசூரில் பூச்சு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன் தம்பி, பொறுத்துக்கொள்.

மாமாவுக்கு முதலில். விசாவுக்கு வரும் ஐ-20 படிவத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும், பெக்மன் என்று அதில் வராது. பாடம், தகுதித் தேர்வு, தீசிஸ் கமிட்டி, பட்டம் எல்லாம் துறை வழியாகத்தான். பெக்மன் உனக்குத் தருவது மேசை, ஆய்வகம், கருவிகள், அப்புறம் பக்கத்து அறை. அந்தப் பக்கத்து அறைக்காகத்தான் கட்டடத்தையே கட்டினார்கள்.

1983ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர் டெட் பிரவுன் என்ற வேதியியல் பேராசிரியர். பெரிய நன்கொடை ஒன்றைக் கேட்டு வாங்கும் அளவுக்கு ஒரு திட்டம் தயாரிக்கச் சொல்லி இரண்டு குழுக்களை அமைத்தார். உயிரியல், உளவியல் பக்கம் இருந்தவர்களுக்கு வில்லியம் கிரீனோ தலைமை, இயற்பியல், பொறியியல் பக்கம் கார்ல் ஹெஸ். இரண்டு குழுவும் தனித்தனியாக எழுதிக் கொடுத்ததை ஒன்றாக்கித்தான் பெக்மன் தம்பதியிடம் கொண்டுபோனார்கள். 1985ல் அர்னால்ட் பெக்மனும் மனைவி மேபலும் 4 கோடி டாலர் தந்தார்கள். மாநில அரசு 1 கோடி சேர்த்தது. வளாகத்தின் வடக்குக் கோடியில், பழைய பேஸ்பால் மைதானம் இருந்த இடத்தில், 3,13,000 சதுர அடிக்குக் கட்டி 1989ல் திறந்தார்கள். டெட் பிரவுனே முதல் இயக்குநர். மூளைக்காரர்களும் சிலிக்கான்காரர்களும் ஒரே வாசலில் நுழைவது உனக்கு விசித்திரமாகத் தெரிகிறது அல்லவா, அது தற்செயலாக நடந்ததில்லை. ஆரம்பத் திட்டமே அந்த இரண்டு குழுக்களின் திட்டம்தான்.

பெக்மன் யார் என்று கேட்டால் மாமாவுக்குச் சொல்ல நல்ல கதை இருக்கிறது. இல்லினாயில் கல்லம் என்ற சின்ன ஊரில் 1900ல் பிறந்த கொல்லர் மகன். இதே பல்கலைக்கழகத்தில் 1922ல் இளநிலை, அடுத்த வருஷம் முதுநிலை. பிறகு கலிபோர்னியா போய் கால்டெக்கில் பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கேயே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இல்லினாயில் உடன் படித்த நண்பர் ஒருவர் எலுமிச்சை விவசாயிகளின் சங்கத்தில் வேலை பார்த்தார். சாற்றின் புளிப்பை அளக்க வேண்டும், ஆனால் அதில் கலந்திருந்த சல்ஃபர் டைஆக்சைடு லிட்மஸை வெளுக்கவைத்தது, மற்ற மின்முனைகளையும் கெடுத்தது. தாங்கக்கூடிய கண்ணாடி மின்முனை ஒன்று இருந்தது, அதில் வரும் சிக்னல்தான் மிகச் சிறியது. பெக்மன் வேக்குவம் டியூப் வைத்து அதைப் பெருக்கிக் காட்டும் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். நாம் பி.எஸ்சி. முதல் வருஷ லேபிலிருந்து தொட்டுக்கொண்டிருக்கும் பிஎச் மீட்டர் அதுதான். வேதியியல்காரர் எலக்ட்ரானிக்ஸ் கையில் எடுத்ததால் வந்த பொருள். அந்த மனிதர் வேறு எந்த மாதிரி இன்ஸ்டிடியூட்டுக்குப் பணம் கொடுப்பார்?

இனி உன் பயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல என் வேலையையே சொல்ல வேண்டும்.

2001ல் நேச்சர் இதழில் தானாக ஆறும் பிளாஸ்டிக் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஸ்காட் வைட் ஏரோஸ்பேஸ் துறை, நான்சி சோட்டோஸ் மெக்கானிக்ஸ், ஜெஃப்ரி மூர் வேதியியல், இன்னும் சிலர். எப்பாக்சி என்ற பிசினுக்குள் நுண்ணிய கேப்ஸ்யூல்களைக் கலந்துவிடுவார்கள். கேப்ஸ்யூலுக்குள் டைசைக்ளோபென்டாடையீன் என்ற திரவம் இருக்கும். எப்பாக்சியில் கிரப்ஸ் கேடலிஸ்ட் என்ற வினையூக்கியின் துகள்கள் தனியாகக் கலந்திருக்கும். விரிசல் ஓடும்போது வழியில் இருக்கும் கேப்ஸ்யூல்களைக் கிழித்துக்கொண்டு போகும். திரவம் விரிசலுக்குள் தானே இழுபட்டுப் போய், கேடலிஸ்டைத் தொட்டவுடன் பாலிமராகிக் கெட்டிப்படும். உடைத்த துண்டை 48 மணி நேரம் சும்மா விட்டு மறுபடி உடைத்துப் பார்த்தார்கள். பழைய தாங்குதிறனில் 75 சதவீதம் வரை திரும்பியிருந்தது.

இதில் யார் இல்லாமல் நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். கேப்ஸ்யூலைச் செய்யவும், எந்தக் கேடலிஸ்ட் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லவும் வேதியியல் வேண்டும். விரிசல் கேப்ஸ்யூலை நோக்கிப் போகுமா, ஒதுங்கிப் போகுமா என்பது மெக்கானிக்ஸ். விமான பாகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரிந்தவர் ஏரோஸ்பேஸ்காரர். கேள்வி அவரிடம் இருந்தது, பதிலின் துண்டுகள் வேறு வேறு துறைகளில் கிடந்தன.

நான் போனது இதெல்லாம் ஊரறிந்த விஷயம் ஆன பிறகு. என் அன்றாட வேலை பீக்கரும் கலக்கியும்தான். தண்ணீரில் யூரியா, அம்மோனியம் குளோரைடு, ரிசார்சினால், கூடவே எண்ணெய்த்துளிகள் ஒட்டாமல் இருக்க ஒரு பாலிமர். பிஎச் 3.5க்குக் கொண்டுவர வேண்டும். (பெக்மன் கட்டடத்தில் நின்றுகொண்டு பிஎச் மீட்டரைப் பார்ப்பது தனி வேடிக்கை.) பிறகு கேப்ஸ்யூலுக்குள் போக வேண்டிய அந்தத் திரவத்தை மெல்ல விட்டு, ஃபார்மலின் சேர்த்து, 55 டிகிரியில் 4 மணி நேரம் கலக்கியபடியே விட வேண்டும். கலக்கும் வேகம்தான் எல்லாம். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் மணல் மாதிரி கையில் தெரியும், 2000 என்றால் மாவு. அந்தத் திரவத்துக்குக் கற்பூர வாடை. முதல் நாள் கோயில் நினைப்பு வரும், இரண்டாம் வாரம் தலைவலி வரும். ஃபியூம் ஹூட் கதவை ஒருநாளும் திறந்து வைத்துவிட்டு வேலை பார்க்காதே.

கேப்ஸ்யூல் முடிந்ததும் எப்பாக்சியில் வார்த்து, மெக்கானிக்ஸ் மாணவர்களின் இழுவை இயந்திரத்துக்குக் கொண்டுபோவேன். எனக்கு வினை நடந்ததா என்பது கேள்வி. அவர்களுக்கு விரிசல் எந்த விசையில் மறுபடி திறந்தது என்பது கேள்வி. ஒரே துண்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுவோம். சில மாதம் போனதும் அவர்கள் போடும் வரைபடம் எனக்குப் புரிந்தது, வினை ஏன் பாதியில் நிற்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்தது. ஓசூரில் இந்த வேலைக்கு என்னை எடுத்ததே நான் இரண்டு பக்கமும் பேசுவேன் என்பதால்தான்.

ஆனால் உன் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். தகுதித் தேர்வில் உட்காரப்போவது துறை ஆட்கள். அங்கே யாரும் உன் துண்டு எத்தனை நியூட்டன் தாங்கியது என்று கேட்க மாட்டார்கள். கேடலிஸ்ட் எப்படிச் சிதைகிறது, எந்தப் படி மெதுவானது, அதை எப்படி நிரூபித்தாய் என்றுதான் கேட்பார்கள். "அதை அந்தக் குழு பார்த்துக்கொள்கிறது" என்ற பதில் அங்கே எடுபடாது. அதனால் என் கருத்து இது: கூட்டு வேலை எவ்வளவு இருந்தாலும், தீசிஸில் பாதியாவது நீயே உன் கையால் செய்த வேதியியலாக இருக்க வேண்டும். அதை முதல் வருஷமே வழிகாட்டியிடம் பேசிக்கொண்டால் இரண்டும்கெட்டான் ஆக மாட்டாய்.

இன்னொன்று. அமெரிக்க வேதியியல் துறைகளில் பொதுவாக முதல் செமஸ்டரில் பல பேராசிரியர்களைச் சந்தித்த பிறகுதான் வழிகாட்டி முடிவாகும். அந்த மெயிலை நம்பிக்கையாக எடுத்துக்கொள், உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதே.

---

மதுரை_சிமுலேஷன் எழுதியது:

நான் அந்த வளாகத்தை மிதித்ததே இல்லை. ஆனாலும் என் தீசிஸ் பாதி அந்தக் கட்டடத்தில் எழுதிய மென்பொருளில்தான் ஓடியது. மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் விஎம்டி, அவற்றின் அசைவைக் கணக்கிடும் நாம்டி இரண்டும் பெக்மனில் இருந்த கிளாஸ் ஷுல்டனின் குழுவிலிருந்து வந்தவை. புரதங்களை அணு அணுவாக ஓடவிட்டுப் பார்க்கிற யாரும் இவற்றைத் தொடாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு இலவசம் என்பதால்தான் எங்கள் ஊர் லேபிலும் அது இருந்தது.

அமுதா அக்கா சொன்ன தாய்வீட்டுக் கணக்குக்கு இவர் நல்ல உதாரணம். ஷுல்டன் இயற்பியல் துறைப் பேராசிரியர். மியூனிக்கில் அவருடைய மாணவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து கணக்கிடும் டிரான்ஸ்பியூட்டர் என்ற சில்லுகள் 60ஐ இணைத்து ஒரு கணினி செய்தார்கள். 1988ல் இல்லினாய் வரும்போது அதை முதுகுப்பையில் போட்டுச் சுங்கச் சோதனையைத் தாண்டிக் கொண்டுவந்தார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. நாம்டிக்கு அடித்தளமாக இருப்பது அதே பல்கலைக்கழகக் கணினித் துறையின் லக்ஷ்மிகாந்த் காலே குழு செய்த சார்ம்++, பல கணினிச் சில்லுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். 2013ல் எச்ஐவி வைரஸின் உள்ளுறை (மரபுப்பொருளை மூடியிருக்கும் புரத ஓடு) முழுவதையும் 6.4 கோடி அணுக்களோடு சிமுலேட் செய்து காட்டியது இந்த மென்பொருளை வைத்துத்தான். இயற்பியல்காரர், கணினிக்காரர், வைரஸ்காரர் மூன்று பேரும் வேண்டியிருந்தது. ஷுல்டன் 2016ல் காலமானார். மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

---

பழைய_போஸ்ட்டாக் எழுதியது:

அமுதா, கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலதுறை என்ற சொல்லை எழுதினால் நிதி சுலபமாகக் கிடைக்கிறது என்பதும் உண்மைதானே? நான் வேறொரு ஊரில், வேறொரு பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு மையத்தில் இருந்தேன். செவ்வாய் ஒரு குழுக்கூட்டம், வியாழன் இன்னொன்று. இரண்டு பேராசிரியர்களும் வெள்ளிக்கிழமைக்குள் தன் வேலையை முடிக்கச் சொல்வார்கள். கட்டுரை எழுதும்போது ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் யாருக்கு என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சு முடிவதற்குள் என் ஒப்பந்தமே முடிந்துவிட்டது. இதையும் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

---

அமுதா_கரூர் எழுதியது:

சொல்லத்தான் வேண்டும் அண்ணா. சுவரை இடித்துவிட்டால் மட்டும் மனிதர்கள் சேர்ந்துவிட மாட்டார்கள். ஒரே தளத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளாத குழுக்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் நிதிக்காக மட்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிதிக்காக என்று சொல்ல முடியாத வேலைகளும் அங்கே நடந்தன. எனக்குப் பிடித்தது பக்ஸ்கோப். 1999ல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் பூச்சிகளைப் பிடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பெக்மன் ஆட்கள் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருந்தபடியே பிரவுசர் வழியாக அந்தக் கருவியை நகர்த்தி, ஈயின் கண்ணையும் எறும்பின் தாடையையும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் விஞ்ஞானிகள் சாட்டில் பதில் சொல்வார்கள். அவ்வளவு விலையுள்ள கருவியை நாலாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதற்கே அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை.

---

சீனி_திருச்சி எழுதியது:

அக்கா, எல்லோருக்கும் நன்றி. மாமா பிஎச் மீட்டர் கதையைக் கேட்டுவிட்டு "கொல்லர் மகனா, சரி போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார். அவர் பிரச்சினை முடிந்தது.

எனக்கு இரண்டு சந்தேகம். முதல் பெயர், இரண்டு குழுக்கூட்டம் இதையெல்லாம் சேர்வதற்கு முன்னாலேயே பேராசிரியரிடம் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா? நம் ஊரில் இப்படிக் கேட்டால் சீட்டே போய்விடும். அப்புறம், நான் கூச்ச சுபாவம். பக்கத்து அறை என்று சொல்கிறீர்கள், ஆனால் யாரிடமும் போய்ப் பேச எனக்கு வராதே?

---

அமுதா_கரூர் எழுதியது:

கூச்சத்துக்கு மருந்து கருவிதான் தம்பி. அங்கே பெரிய நுண்ணோக்கிகள் பொதுவில் இருக்கும், பயிற்சி எடுத்துக்கொண்டு நேரம் பதிவு செய்து பயன்படுத்த வேண்டும். உனக்கு முன்னால் பதிவு செய்தவர் எலியின் மூளைச் சீவலை வைத்திருப்பார், உனக்குப் பின்னால் வருபவர் பேட்டரி மின்முனையோடு நிற்பார். மாதிரியை இறக்கி ஏற்றும் பத்து நிமிடத்தில் "இது என்ன?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். நீ பதில் மட்டும் சொன்னால் போதும். கருத்தரங்குக்குப் போ. சாப்பாடு போடுகிற கருத்தரங்கு என்றால் கட்டாயம் போ. ஆய்வகத்திலேயே டிபன் பாக்ஸைத் திறக்காதே. கேப்ஸ்யூல் வேலையில் அது ஆபத்தும்கூட. நடுக்கூடத்துக்கு இறங்கி வந்து சாப்பிடு. கரூரில் வாயைத் திறக்காத நானே அங்கே நரம்பியல் பெண் ஒருத்தியோடு பழகி, அவள் வீட்டுக் கல்யாணம் வரை போய் வந்தேன்.

பேராசிரியரிடம் கேட்பது பற்றி. அங்கே கேட்கலாம், கேட்கிற மாணவரைத்தான் விரும்புவார்கள். எப்படிக் கேட்கிறாய் என்பதில்தான் இருக்கிறது. "எனக்கு முதல் பெயர் கிடைக்குமா" என்று கேட்காதே. "உங்கள் குழுவில் அண்மையில் முடித்த வேதியியல் மாணவர்களின் தீசிஸ் எந்த மாதிரி இருந்தது, அதில் கூட்டு வேலை எவ்வளவு" என்று கேள். அதில் எல்லாம் வந்துவிடும். தீசிஸ்கள் பல்கலைக்கழக நூலகத் தளத்திலேயே கிடைக்கும், முன்னாலேயே ஒன்றிரண்டு புரட்டிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. அடுத்து, நீ சேர்ந்தால் எந்த வெளிக்குழுவோடு வேலை, அங்கே அன்றாடம் யாரிடம் பேச வேண்டியிருக்கும் என்று கேள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் கூட்டு வேலை நிஜமாகவே நடக்கிறது. "நிறைய பேரோடு சேர்ந்து செய்கிறோம்" என்று பொதுவாக வந்தால் அங்கே படிக்கும் மாணவர் யாரிடமாவது விசாரி. அவருடைய குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரோடு பேசலாமா என்று கடைசி வரியில் கேட்டுவிடு. அதற்கு யாரும் மறுப்பதில்லை.

பதில் வந்ததும் இங்கே போடு. வெளிக்குழு மெக்கானிக்ஸ் பக்கம் என்றால், போவதற்கு முன் எதைப் படித்து வைக்கலாம் என்று நான் சொல்கிறேன். சிமுலேஷன் என்றால் மதுரைக்காரர் இருக்கிறார்.